ராஜகிரி உச்சியில நிலா: தை, மாசி, பங்குனி

கடலூர்ல மலை எங்கன்னு கேட்டா கேப்பர் மலையத்தான் காட்டுவாங்க, ஆனா அது செம்மண் மேடு, டவுன் பஸ்ஸே சாதாரணமா ஏறிப் போயிடும். பாறையும் உச்சியுமா ஒரு மலை, அது மேல நிலா, அதுவும் பொழுது சாயற நேரத்துல வேணும்னா எங்களுக்கு செஞ்சிதான். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, விழுப்புரம் வழியா போனா 90 கிலோமீட்டர் பக்கம் வரும். எனக்கு செஞ்சி மேல ஒரு தனி பாசம் உண்டு, அம்மா பொறந்த ஊரு கோட்டைக்கு மேற்கால இருக்கு, சின்ன வயசுல பரீட்சை லீவுக்குப் போனா களத்துல பாய் போட்டு படுத்துகிட்டு, கோட்டையோட பெரிய மலை ராஜகிரிக்குப் பின்னாடி இருந்து நிலா ஏறி வரத பார்த்துகிட்டே தூங்கிடுவோம். அந்த நிலா மனசுல எவ்வளவு பெருசா இருக்கோ அவ்வளவு பெருசா ஒரு போட்டோவுல வரணும், உச்சியில இருக்கற ரங்கநாதர் கோயிலுக்குப் பக்கத்துல வரணும், பாறை கருப்பு நிழலா இல்லாம பாறையாவே தெரியணும். இந்த மூணும் ஒண்ணா கிடைக்க எனக்கு மூணு பௌர்ணமி ஆச்சு. எங்க தப்பாச்சு, எத எப்படி சரி பண்ணேன்னு மொத்தமா எழுதி வைக்கறேன், ஏன்னா நான் தேடினப்ப கிடைச்ச குறிப்பெல்லாம் குளிர் நாட்டு வானத்துக்கு எழுதினது, நிலா நம்ம ஊர்ல ஏறற விதமே வேற.

கையில இருக்கறது செகண்ட்ஹேண்ட்ல வாங்கின கேனான் 700டி, அதோட ஒரு 70-300 லென்ஸ், ஒரு சுமாரான ட்ரைபாட். அவ்வளவுதான்.

தைப்பூசத்துக்கு லீவு விட்டாங்க, ஊர்ல பாதி பேரு வடலூர் ஜோதிக்குக் கிளம்பினாங்க, நான் பைக்க எடுத்துகிட்டு செஞ்சிக்குப் போனேன். பூசம்னா பௌர்ணமி, பௌர்ணமின்னா சாயங்காலமே நிலா வந்துடும், இதுதான் என் கணக்கு. கோட்டைய சாயங்காலத்துக்கு மேல மூடிடுவாங்க, உள்ள இருக்க முடியாது, அதனால வெளிய மலைக்கு மேற்குப் பக்கமா வந்து, மலை நல்லா பெருசா தெரியணும்னு ஒரு கிலோமீட்டர் தூரத்துலயே ட்ரைபாட போட்டு உக்காந்தேன். 6 மணி தாண்டுச்சு, சூரியன் இறங்குச்சு, வானம் சிவந்து வெளுத்து நீலமாகி கடைசியில கருத்தே போச்சு, நிலாவக் காணோம். ஏழேகாலுக்கும் மேலதான் பாறைக்குப் பின்னாடி வெள்ளையா வெளிச்சம் கசிஞ்சு, அப்புறம் நிலா வந்துச்சு. எடுத்துப் பார்த்தா கருப்புல ஒரு வெள்ளைப் பொட்டு. மலைக்கு வெளிச்சம் வச்சா நிலா வெந்து போய் வெறும் விளக்கு மாதிரி தெரியுது, நிலாவுக்கு வச்சா மலையே இல்ல. பொட்டும் சின்னது, மலை பிரம்மாண்டமா கிடக்க நிலா அதுல ஒரு பட்டாணி.

மாமா வீட்ல அன்னிக்கு ராத்திரி சாப்பாடு. அத்த தோசைய வைக்கும்போதே மாமா கேட்டாரு, "இன்னா மாப்ள, கெடச்சுதா?" இல்லன்னு தலையாட்டினேன். "மலைகிட்ட போய் ஏன் நின்ன? நீ சின்னப் புள்ளைல களத்துல இருந்துதான பார்ப்ப?" அப்படின்னாரு. அவரு சாதாரணமாத்தான் சொன்னாரு, எனக்கு அது ராத்திரி பூரா மண்டைக்குள்ள ஓடிகிட்டே இருந்துச்சு.

களம் மலைல இருந்து மூணு கிலோமீட்டர். ஊருக்குத் திரும்பி வந்து கணக்குப் போட்டேன். நிலா வானத்துல அரை டிகிரி அகலம், கைய நீட்டி சுண்டு விரல காட்டினா அதுல பாதிதான் வரும். செஞ்சில நின்னாலும் கடலூர்ல நின்னாலும் அதே அரை டிகிரிதான், நாம நகர்றதால நிலா சின்னதாகாது. ஆனா மலை சின்னதாகும். மலைக்கும் நமக்கும் எவ்வளவு தூரமோ அத 110ஆல வகுத்தா, அந்த மலை மேல நிலா எத்தன மீட்டர் அகலத்த மறைக்கும்னு வந்துடும். ஒரு கிலோமீட்டர்ல நின்னா 9 மீட்டர், அதாவது ஒரு நல்ல பாறை சைஸ். மூணு கிலோமீட்டர்ல 27 மீட்டர், உச்சியில இருக்கற கட்டடத்துக்குப் பக்கத்துல வச்சா கண்ணு நிறையும். நிலாவ பெருசாக்கணும்னா பின்னாடி போகணும்.

இன்னொண்ணும் அதே கணக்குல வந்துச்சு. ராஜகிரி தரையில இருந்து சுமார் 240 மீட்டர் உசரம். ஒரு கிலோமீட்டர்ல இருந்து பார்த்தா உச்சி பதிமூணு டிகிரிக்கு மேல நிக்குது. நிலா மணிக்கு 15 டிகிரி ஏறும், அப்ப தரை மட்டத்துல உதிச்ச நிலா உச்சிக்கு வரவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பிடிக்கும். மூணு கிலோமீட்டர்ல நின்னா உச்சி நாலரை டிகிரிதான், 18 நிமிஷத்துல ஏறிடும். மொபைல்ல காட்டற நிலா உதய நேரம் மலை இல்லாத சமவெளிக்கு உண்டானது, மலைக்கு உண்டான நிமிஷத்த நாமதான் கூட்டிக்கணும்.

நேரத்துக்கு விடை அம்மாவோட தினசரி காலண்டர்ல இருந்துச்சு. அம்மா தேதி தாள கிழிச்சு தூக்கிப் போட மாட்டாங்க, ஒரு கம்பில குத்தி வச்சிருப்பாங்க. தைப்பூசத்து தாள எடுத்துப் பார்த்தா காலைல 7 மணி சுமாருக்கே பௌர்ணமி முடிஞ்சு பிரதமைன்னு போட்டிருக்கு. பௌர்ணமி திதி முடியற நேரம்தான் நிலா சூரியனுக்கு நேர் எதிர்ல வந்து முழுசாகற நேரம். அந்த நேரத்துலயே சூரியன் மறைஞ்சா, நிலா கிட்டத்தட்ட அதே நிமிஷத்துல உதிக்கும். நிலா ஒரு நாளைக்கு சராசரியா 50 நிமிஷம் பின்தங்கும், மணிக்கு ரெண்டு நிமிஷம்னு வச்சுக்கலாம். காலைல 7க்கு முடிஞ்ச பௌர்ணமின்னா சாயங்காலத்துக்குள்ள 11 மணி நேரம் ஓடிடுச்சு, நிலா சூரியன் இறங்கி இருபது நிமிஷத்துக்கு மேல கழிச்சுதான் உதிக்கும். அதுக்கு மேல மலை ஏற ஒரு மணி நேரம். அன்னிக்கு கருப்பாப் போனதுல ஆச்சரியமே இல்ல.

அதனால இப்ப நான் பார்க்கறது ஒண்ணே ஒண்ணுதான்: பௌர்ணமி திதி எப்ப முடியுது. நடு ராத்திரிக்கு மேல, விடியக்காலத்துக்குள்ள முடிஞ்சா அந்த ராத்திரிக்கு முன்னாடி வர சாயங்காலம் போகலாம், நிலா சூரியன் இருக்கும்போதே உதிச்சு, அது மறையற நேரத்துக்கு உச்சிக்கு வந்துடும். காலைல முடிஞ்சா முந்தின நாள் சாயங்காலம், ஆனா அப்ப நிலா சீக்கிரமே வந்துடும், அதனால மலைக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட நிக்கணும். காலண்டர்ல பௌர்ணமின்னு பெரிய எழுத்துல போட்டிருக்கற தேதிய மட்டும் நம்பிப் போகாதீங்க, கீழ பொடி எழுத்துல இருக்கற மணிய பாருங்க.

மாசிக்கு நேரம் அமைஞ்சுது. மறுநாள் மாசி மகம், சுத்துப்பட்டு சாமியெல்லாம் தேவனாம்பட்டினம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும், அம்மா காலைல கட்டாயம் வீட்ல இருக்கணும்னுட்டாங்க, சரின்னு அன்னிக்கு ராத்திரியே திரும்பற மாதிரி கிளம்பினேன். இந்த தடவ இடத்துக்கும் கணக்குப் போட்டிருந்தேன். பௌர்ணமி நிலா மாசத்துக்கு மாசம் வேற வேற இடத்துல உதிக்கும். வெயில் காலத்துல சூரியன் வடக்க போனா பௌர்ணமி நிலா தெக்க போகும், மார்கழி தைல நிலா நல்லா வடகிழக்குல வரும், பங்குனில நேர் கிழக்குக்குப் பக்கம் வரும். நிலா தெக்க நகர நகர அதே உச்சியில அத நிக்க வைக்க நாம வடக்க நகரணும். மூணு கிலோமீட்டர் தூரத்துல ஒரு டிகிரிக்கு 52 மீட்டர். கூகுள் எர்த்துல கோயில்ல இருந்து கோடு இழுத்து, மாசிக்கு ஊருக்குத் தெக்கால இருக்கற ஏரிக்கரையில ஒரு புள்ளி வச்சேன், அங்க இருந்து கோயில் 79 டிகிரி (வடக்கு 0, கிழக்கு 90ன்னு வச்சு), நிலா உதயமும் 79.

நிலா வந்துச்சு, நேரத்துக்கு வந்துச்சு, ஆனா கோயில் பின்னாடி வரல. வலது பக்கம் ரெண்டு நிலா தள்ளி வெறும் பாறைக்குப் பின்னாடி எட்டிப் பார்த்துச்சு. ட்ரைபாட தோள்ல தூக்கிகிட்டு கரை மேல வடக்க ஓடினேன், ஒரு அம்பது மீட்டர் ஓடி வச்சு லென்ஸ திருப்பறதுக்குள்ள நிலா கோயில விட்டு எழும்பிடுச்சு. ரெண்டே நிமிஷத்துல நிலா தன்னோட அகலம் அளவுக்கு நகர்ந்துடும், ஓடறதுக்கெல்லாம் அது காத்திருக்காது.

என்னாச்சுன்னா, மொபைல் சொன்ன 79 தரை மட்டத்துல. நிலா நேரா மேல ஏறாது, நம்ம அட்சரேகை 12 டிகிரி, அதே 12 டிகிரி அளவுக்கு தெக்கால சாய்ஞ்சு ஏறும். நாலரை டிகிரி ஏறி முடிக்கறப்ப கிட்டத்தட்ட ஒரு டிகிரி வலது பக்கம் போயிருக்கும். ஒரு டிகிரின்னா ரெண்டு நிலா, தரையில 52 மீட்டர். அச்சு அசலா நான் ஓடின தூரம். வானத்த அப்படியே காட்டற ஸ்டெல்லேரியம் ஆப்புல நிலாவோட உதயத்த பார்க்காம, நிலாவோட உசரம் நாலரை டிகிரி ஆகற நிமிஷத்துல திசை என்னன்னு பார்த்திருந்தா சரியா இருந்திருக்கும். இங்கிலாந்து மாதிரி வடக்க இருக்கற ஊர்ல நிலா படுத்துகிட்டே சாய்வா ஏறும், அங்க இந்தப் பிசகு இன்னும் பல மடங்கு, நம்ம ஊர்ல ஒரு டிகிரியோட போகுதுன்னு சந்தோஷப்பட்டுக்கலாம்.

அன்னிக்கு எடுத்த அறுபது சொச்சம் படத்துல ஒண்ணு கூட ஷார்ப்பா இல்ல. நிலாவோட ஓரம் எல்லாத்துலயும் ரெட்டையா இருந்துச்சு. ஃபோகஸ் தப்பு இல்ல, ஆட்டம். இந்த லென்ஸுக்கு ட்ரைபாட் காலர், அதாவது லென்ஸையே ட்ரைபாட்ல மாட்டற வளையம், கிடையாது, கேமரா அடில ஒரே ஸ்க்ரூ, முன்னாடி 300ல நீட்டின லென்ஸ் அந்தரத்துல தொங்குது, ஏரிக்காத்து வேற. ஸ்க்ரீன்ல நேரடியா தெரியற படத்த (லைவ் வியூ) 10 மடங்கு பெருசாக்கிட்டு ட்ரைபாட் கால லேசா தட்டிப் பார்த்தேன், நிலா ஆட ஆரம்பிச்சு நிக்கறதுக்கு முழுசா நாலு செகண்ட். நான் வச்ச டைமர் ரெண்டு செகண்ட். எப்படி ஷார்ப்பா வரும்?

இந்த ஆட்டத்த நிறுத்தத்தான் கேமராவையும் லென்ஸையும் சேர்த்துத் தாங்கற ஒரு பட்டைய செஞ்சேன். மஞ்சக்குப்பத்துல ஹார்டுவேர் கடையில ஒன்றரை இஞ்ச் அகலம், கால் இஞ்ச் கனத்துல அலுமினியப் பட்டை ஒரு அடி வெட்டி வாங்கினேன். ஒரு முனையில கேமரா உக்காரும், இன்னொரு முனையில லென்ஸுக்கு முட்டு. இதுல கவனமா இருக்க வேண்டியது போல்ட்டுதான். கேமரா அடில இருக்கறது கால் இஞ்ச் மரை, இஞ்சுக்கு 20 புரி. கடையில எம்6 போல்ட்ட எடுத்துக் குடுப்பாங்க, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒரு சுத்து ஏறவும் செய்யும், ஆனா புரி வேற, இறுக்கினா கேமராவோட மரைய தின்னுடும். கால் இஞ்ச்னு கேட்டு வாங்கி, நட்டுல பத்து சுத்து தடையில்லாம ஓடுதான்னு கடையிலயே பாருங்க. நீளமும் முக்கியம். அரை இஞ்ச் போல்ட்டு 12.7 மில்லிமீட்டர், பட்டை 6.35 எடுத்துக்கும், மிச்சம் 6.35 கேமராவுக்குள்ள போனா அடியில முட்டும், குழி அவ்வளவு ஆழம் இல்ல. ஒன்றரை மில்லிமீட்டர் வாஷர் ஒண்ண போட்டேன், அஞ்சுக்கும் கொஞ்சம் கம்மியா உள்ள போச்சு, கச்சிதம். கேமராவுக்கும் பட்டைக்கும் நடுவுல பழைய செருப்போட மெல்லிசு ரப்பர வெட்டி வச்சிருக்கேன், திரும்பாம பிடிக்குது.

முட்டுக்கு ஆசாரி பட்டறையில கிடந்த தேக்குத் துண்டு, நடுவுல ஆங்கில வி எழுத்து மாதிரி பள்ளம் எடுத்துக் குடுத்தாரு, காசு வாங்கல. அதுல சைக்கிள் ட்யூப ஒட்டினேன். உசரத்த முதல்லயே சரியா வெட்ட முடியாது, கூடுதலா விட்டுட்டு உப்புக் காகிதத்துல தேய்ச்சுத் தேய்ச்சு லென்ஸ் வந்து உக்காரணும், லென்ஸ தூக்கக் கூடாது. ஒரு தாள மடிக்காம இடையில விட்டா உரசிகிட்டே வெளிய வரணும், அந்த அளவு. முட்டு லென்ஸோட நகராத உடம்புக்கு அடில வரணும், ஜூம் பண்ணா நீளற பகுதிக்கு அடில வச்சா திருப்பவே முடியாது. மேல ட்யூப்ல வெட்டின ஒரு வளையத்த போட்டு இழுத்துப் பிடிச்சாச்சு. கடைசியா கேமரா லென்ஸ் எல்லாத்தையும் பட்டை மேல வச்சு ஒரு பென்சில் மேல உருட்டி, எங்க சமமா நிக்குதோ அங்க கோடு போட்டு, லேத் பட்டறையில அதே கால் இஞ்சுக்கு மரை போட்டேன். ட்ரைபாட் அங்க பிடிக்குது. மறுபடி தட்டிப் பார்த்தேன். ஒரு செகண்டுக்குள்ள நின்னுடுச்சு. அத பார்த்தப்ப வந்த சந்தோஷம் சொல்லி முடியாது, ஒரு அடி அலுமினியம் லென்ஸையே மாத்தின மாதிரி இருந்துச்சு.

லென்ஸ் பத்தி ஒரு வார்த்தை, கடலூர் புதுச்சேரி ஆளுங்களுக்கு. கடல்காத்து ஈரத்துல லென்ஸுக்குள்ள பூஞ்சை பிடிக்கும், சிலந்தி வலை மாதிரி பரவும். காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, தோல் பையில பூட்டி வைக்காதீங்க.

பங்குனிக்கு முன்னாடி சில்வர் பீச்சுல தேய்பிறை நிலாவ வச்சு வெளிச்சத்துக்குப் பழகினேன், கடல் மேல மலை எதுவும் மறைக்காது, மணல்ல ட்ரைபாட் கால ஆழமா அழுத்தினா போதும். நிலா வெயில்ல கிடக்கற ஒரு பாறை, அதனால முழு நிலாவா இருந்தா அதோட வெளிச்சம் உச்சி வானத்துல கிட்டத்தட்ட மாறாது: எஃப் 11 (லென்ஸ் திறப்பு), ஐஎஸ்ஓ 100 (வெளிச்சத்த உணர்ற அளவு), ஷட்டர் 1/100 செகண்ட். 1941ல நியூ மெக்சிகோவுல அமெரிக்க போட்டோகிராஃபர் ஆன்செல் ஆடம்ஸ் ஒரு ஊருக்கு மேல நிலாவ எடுக்கப் போனப்ப லைட் மீட்டர் கைக்கு அகப்படல, நிலாவோட வெளிச்சம் சதுர அடிக்கு 250 கேண்டில்னு ஞாபகத்துல இருந்தத வச்சே கணக்குப் போட்டு எடுத்தாரு. ஆனா நமக்கு வேண்டிய நிலா தரைய ஒட்டி இருக்கறது, தூசியும் ஈரமும் கலந்த காத்து வழியா வருது, மஞ்சளா மங்கலாத்தான் இருக்கும். எஃப் 8, ஐஎஸ்ஓ 200ன்னா உச்சி நிலாவுக்கு 1/400 வரணும், பீச்சுல நாலு டிகிரி உசரத்துல எனக்கு 1/60 சரியா இருந்துச்சு. இந்த மங்கல்தான் நமக்கு உதவி, நிலாவும் மலையும் ஒரே படத்துல அடங்கறதே அதனாலதான். 300ல கால் செகண்டுக்கு மேல போனா நிலா நகர்றது தெரிய ஆரம்பிக்குது, அதுவரைக்கும் கவலை இல்ல.

பங்குனி. காலண்டர்ல பின்னிரவு 2 மணி சுமாருக்கு பௌர்ணமி முடியுது, சூரியன் 6.19க்கு மறையுது, சமவெளி உதயம் 6.02, உச்சிக்கு வர 6.21. அந்த நிமிஷத்துல திசை 91 டிகிரி, கோயில்ல இருந்து கோடு பின்னாடி இழுத்தா வந்து விழுந்த இடம் மாமாவோட மல்லாட்டைக் (நிலக்கடலை) கொல்லை. களத்துக்கு நூறு மீட்டர் வடக்க. பார்த்ததும் உடம்பு சிலிர்த்துடுச்சு.

முந்தின நாளே போயிட்டேன். முந்தின நாள் நிலா முக்கால் மணி நேரம் முன்னாடியும் அஞ்சு டிகிரி வடக்காலயும் வரும், ஆனா ஸ்டெல்லேரியம் சொல்ற இடத்துல மலை மேல வருதான்னு ஒத்துப் பார்த்துக்கலாம். பார்த்தேன், சொன்ன இடத்துல பாறை இடுக்குல வந்துச்சு. கொல்லையில மண்ணாங்கட்டி வச்சு இடத்த அடையாளம் போட்டேன், மாமா அதுக்குப் பக்கத்துல ஒரு குச்சிய நட்டு துணி கட்டினாரு. மொபைல் ஜிபிஎஸ் அஞ்சு மீட்டர் தப்பினாலும் நிலாவுல அஞ்சுல ஒரு பங்குதான் நகரும், பரவாயில்ல.

மறுநாள் அஞ்சரைக்கே எல்லாம் கட்டி முடிச்சாச்சு. ட்ரைபாட் நடுக் கம்பிய உயர்த்தவே இல்ல, பைய கொக்கில தொங்க விட்டு அதோட அடி மண்ணுல படற மாதிரி வச்சேன். ஃபோகஸ் கோயில் மேல, கையால, 10 மடங்குல, அப்புறம் ரிங் மேல டேப் ஒட்டியாச்சு. லென்ஸுக்குள்ள ஆட்டத்த குறைக்கற ஸ்டெபிலைசர அணைச்சாச்சு. லைவ் வியூவுல பாறை விளிம்பு நெளியுது, பகல் பூரா காய்ஞ்ச கல்லு சூட்டக் கக்குது, கானல். அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது, நிறைய எடுத்து நல்லத பொறுக்கணும்.

6.19க்கு முதுகுப் பக்கம் சூரியன் போச்சு. எதிர்ல மலைக்குப் பின்னாடி வானம் அடியில சாம்பல் நீலமா ஒரு பட்டை, அது மேல ரோஜாப்பூ நிறத்துல ஒரு பட்டை. அடிப்பட்டை நம்ம பூமியோட நிழல், வானத்துல விழுந்து மெல்ல மேல ஏறுது. மலைப்பாறைங்க மேற்கு வெளிச்சத்துல இன்னும் செம்மண் நிறமா இருக்கு, ஒவ்வொரு வெடிப்பும் தெரியுது. அத்த வேகவெச்ச மல்லாட்டைய முறத்துல கொண்டு வந்து வச்சாங்க, யாரும் தொடல.

"அதோ, அதோ பாரு மாப்ள." மாமாதான் முதல்ல பார்த்தாரு. கோயிலோட இடது மூலைக்கு அடியில பாறை விளிம்புல ஒரு நகக்கீத்து, பழுத்த எலுமிச்சம்பழ நிறம். 6.22. நான் ரிமோட்ட அழுத்த ஆரம்பிச்சேன், மூணு மூணா, சரியான வெளிச்சம், ஒரு படி கூட (ரெண்டு மடங்கு), ஒரு படி கம்மி (பாதி). நிலா கோயில் சுவர ஒட்டியே ஏறுது, வலது பக்கமா லேசா சாய்ஞ்சு சாய்ஞ்சு கட்டடத்துக்குப் பின்னாடி போகுது, பாதி நிலாவுல சுவரோட கோடு கத்தியால வெட்டின மாதிரி நிக்குது. 6.24க்கு அடிப்பாகம் பாறைய விட்டுச்சு. அந்த ஒரு நொடியில நிலா ரோஜாப் பட்டைக்குள்ள, கோயில் நிலாவுக்குள்ள, பாறை பாறையா. எஃப் 8, ஐஎஸ்ஓ 200, 1/50. 6.35க்கு மேல பாறை கருக்க ஆரம்பிச்சுடுச்சு, நிறுத்திட்டேன்.

கம்ப்யூட்டர்ல பெருசா ஒண்ணும் பண்ணல. ஒரு படி கம்மியா எடுத்ததுல நிலாவோட கறையெல்லாம் தெளிவா இருந்துச்சு, அதையே எடுத்துகிட்டு நிழல் பகுதிய மட்டும் கொஞ்சம் ஏத்தினேன், ரெண்டு படத்த ஒட்ட வேண்டிய தேவையே வரல. நிலா 600 பிக்சலுக்கு மேல அகலம் வந்திருக்கு. நிலாவ தனியா பெருசாக்கி ஒட்டற படங்கள நிறைய பார்க்கறோம், அது எனக்குப் பிடிக்கறதில்ல. மூணு கிலோமீட்டர் பின்னாடி போய் நின்னாலே உண்மையான நிலா அந்த சைஸுக்கு வரும்ங்கறப்ப ஏன் ஒட்டணும்? இந்தக் கோட்டைய சிவாஜி 1677ல பிடிச்சாரு, 2025ல யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னண்டுல ஒண்ணா சேர்த்தாங்க, அதுக்குண்டான மரியாதையோட அத எடுக்கணும்னு நினைக்கறேன்.

அன்னிக்கு ராத்திரி கேமரா பின்னாடி ஸ்க்ரீன்ல மாமா ரொம்ப நேரம் பார்த்தாரு. கண்ணாடிய போட்டுகிட்டு வந்து மறுபடி பார்த்தாரு. நிலாவ விட்டுட்டு கீழ ஒரு பாறைய விரலால தொட்டு, "இதும் மேல ஏறித்தான் உங்கம்மா பனங்கிழங்கு தின்னுச்சு, தாத்தா தேடிகிட்டுத் திரிஞ்சாரு" அப்படின்னாரு. அம்மா இத என்கிட்ட சொன்னதே இல்ல. படத்த பத்துக்கு பதினஞ்சுல பிரிண்ட் போட்டு ரெண்டு வீட்டுக்கும் ஒவ்வொண்ணு குடுத்திருக்கேன்.

சித்திரைக்கு நிலா இன்னும் தெக்க போயிடும், நிக்க வேண்டிய இடம் வடக்க முக்கால் கிலோமீட்டர் தள்ளி வருது. அங்க ஒரு பம்புசெட்டு கொட்டாய் இருக்காம், மேல ஏறி நிக்கலாம்னு மாமா சொல்லியிருக்காரு, சாவிக்கு ஆள் பார்த்துகிட்டு இருக்காரு.